வானத்து எழுத்தைப் படிப்போர்

2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் மாலை, திருச்சிராப்பள்ளி நகரம் அண்ணாந்து நின்றது. சார்ஜாவுக்குப் புறப்பட்ட போயிங் 737 வகை வானூர்தி ஒன்று, 141 பேரைச் சுமந்துகொண்டு 5.40 மணியளவில் மேலெழுந்தது. எழுந்த சிறிது நேரத்தில் அதன் ஹைட்ராலிக் அமைப்பில் கோளாறு தோன்றியது. எரிபொருளின் சுமையைக் குறைக்கும் பொருட்டு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக அது வானில் வட்டமிட்டது. இறையருளால் 8.15 மணியளவில் ஒருவருக்கும் ஊறின்றித் தரையிறங்கியது.

அந்த நேரம் முழுவதும் மொட்டை மாடிகளிலும் தெருமுனைகளிலும் மக்கள் நின்றனர். மஃரிபு தொழுகை முடித்து வெளிவந்தோர் வானத்தை நோக்கிக் கையேந்தியதை நாம் கண்டோம். கைப்பேசியில் படம் எடுத்தோரும் பலர். அன்று எவரும் எவரையும், 'ஏன் வானத்தைப் பார்க்கிறாய்? ஏன் படம் எடுக்கிறாய்?' என்று வினவவில்லை. ஆயின், மற்றொரு நாளில் ஓர் இளைஞன் அதே வானத்தை அதே ஆர்வத்துடன் நோக்கி நின்றால் அவ்வினா உடனே எழுகின்றது. அவன் பெயர் நம் பெயராக இருப்பின் வினாவின் குரலும் மாறுகின்றது. இக்கட்டுரை எழுந்ததன் காரணம் இதுவே.

நோக்கும் கலை

வானூர்திகளை நோக்கி, அவற்றின் வகையையும் பதிவெழுத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்வதும் படம் எடுப்பதும் உலகின் பல நாடுகளில் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளன. ஆங்கிலத்தார் 'பிளேன் ஸ்பாட்டிங்' எனக் கூறும் இதனை நாம் 'வானூர்தி நோக்கல்' என வழங்கலாம். வேலையற்றோர் செயல் இது என்று எண்ணுவோர் இதன் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் பொதுமக்களுட் பலர் தன்னார்வத்துடன் 'அப்சர்வர் கோர்' எனும் நோக்கர் படையில் சேர்ந்தனர். வருவது நட்பு வானூர்தியா, பகை வானூர்தியா என்று வடிவத்தைக் கொண்டே கண்டறிந்து அறிவிப்பது அவர்தம் பணி. 1941இல் அப்படைக்கு 'ராயல்' எனும் அடைமொழி வழங்கப்பட்டது. அதே ஆண்டில் வானூர்திகளை இனங்காணக் கற்பிப்பதற்கென்றே 'தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்' எனும் இதழும் தோன்றியது. போர் முடிந்தது, கற்ற கண்கள் மட்டும் பழக்கத்தை விடவில்லை. இன்று பலர் ஐயுறும் இப்பொழுதுபோக்கை வளர்த்ததில் நாட்டுக்காவலுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இக்கலைக்குப் பயிற்சி வேண்டும். நம் திருச்சி விமான நிலையத்தையே சான்றாகக் கொள்வோம். அதன் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் இரு முனைகளிலும் 09, 27 எனும் எண்கள் தீட்டப்பட்டுள்ளன. அவை திசைகாட்டியின் 90, 270 ஆகிய பாகைகளைக் குறிப்பன. வானூர்தி காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே ஆடிக்காற்று வீசும் நாள்களில் அது கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும். வாடைக்காற்றில் இம்முறை மாறும். காற்றை அறிந்தவன் எங்கு நிற்க வேண்டும் என்பதையும் அறிவான். ஆண்டின் பெரும்பகுதியில் கதிரவன் தெற்கே சாய்ந்திருப்பதால், தெற்குப்புறம் நிற்பவனுக்கே நல்ல ஒளி வாய்க்கும். நண்பகலில் ஓடுபாதையிலிருந்து எழும் வெப்பம் படத்தை அலையலையாய்க் கலைத்துவிடும். காலையும் மாலையுமே உகந்த பொழுதுகள்.

இறக்கை உடலின் மேற்புறத்தில் அமைந்து, ஆறு இதழ்கொண்ட விசிறி இருபுறமும் சுழல்வது ஏ.டி.ஆர். 72. ஏறத்தாழ ஒரே அளவினவாய்த் தோன்றும் ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகியவற்றைப் பிரித்தறிவது சற்றே கடினம். மேலெழுந்து செல்லும்போது வயிற்றை நோக்குக. மடக்கிய பின்னும் சக்கரங்கள் மூடியின்றி வட்டமாய்த் தெரியுமாயின் அது 737. இங்ஙனம் நோக்கி நோக்கித் தேர்ந்த மாணவன், சுவடியின் வரிவடிவ வேறுபாட்டையும் கல்வெட்டின் புள்ளியையும் தவறவிடமாட்டான் என்பது ஆசிரியப் பணியில் நாம் கண்ட உண்மை.

படிப்பதற்கென்றே எழுதப்பட்டது

ஒவ்வொரு வானூர்தியின் உடலிலும் அதன் பதிவெழுத்து தீட்டப்பட்டிருக்கும். இந்தியாவுக்கு வி.டி.; இலங்கைக்கு 4 ஆர்; மலேசியாவுக்கு 9 எம்; சிங்கப்பூருக்கு 9 வி; ஐக்கிய அரபு அமீரகத்திற்கு ஏ 6. இம்முன்னெழுத்தை அடுத்து வருவன அவ்வூர்திக்கே உரிய எழுத்துகள். 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையைச் சார்ந்த ஏழாம் இணைப்பு இவ்வெழுத்துகளின் அளவையும் வரையறுக்கின்றது. இறக்கையின் அடிப்பகுதியில் எழுதும் எழுத்து 50 செ.மீ. உயரத்திற்குக் குறையலாகாது, உடலிலும் வாலிலும் 30 செ.மீ.க்குக் குறையலாகாது. இறக்கையின் அடியில் ஏன் எழுத வேண்டும்? தரையில் நிற்பவன் படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே! உலக நாடுகள் ஒன்றுகூடி, 'இதனைப் படிப்பீராக' என்று எழுதி வைத்த எழுத்தைப் படிப்பவன் எங்ஙனம் குற்றவாளி ஆவான்?

வானூர்தியை நோக்கி வியந்த கண் தமிழனுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறித் தப்பிச் செல்கிறாள். புறநானூற்றின் 27ஆம் பாடல், செலுத்துவோன் இன்றியே செல்லும் வானவூர்தியைப் பற்றிப் பேசுகின்றது. அதனைப் பாடியவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். அவருடைய உறையூர் இன்று நம் திருச்சி மாநகரின் ஒரு பகுதி. 'வானூர்தி' என்னும் சொல்லைக் கலைக்குழுவினர் கூடிப் புதிதாய் ஆக்கவேண்டிய தேவை நமக்கு எழவில்லை என்பதை மாணவர் பெருமிதத்துடன் நினைக்கலாம்.

கண்களுக்கு எட்டாத ஊர்தி

நம் சமுதாயத்திற்கும் வானூர்திக்கும் உள்ள உறவு ஏட்டளவினதன்று. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய், சார்ஜா எனும் ஊர்ப்பெயர்கள் நம் இல்லங்களில் பக்கத்துத் தெருவின் பெயர்போல் வழங்குகின்றன. நம் அத்தா சவூதியில் உழைத்த ஆண்டுகளில், மாலை வேளையில் துணி எடுக்க மாடிக்கு வரும் அம்மா, வானில் எந்த ஊர்தி சென்றாலும் நின்று கையசைப்பார். அது எங்கிருந்து வருவது, எங்குச் செல்வது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கற்பிப்பாரும் இல்லை. எத்தனையோ அம்மாக்களின் வாழ்வில் வானூர்தி என்பது பெயரறியாத ஒன்றாகவே கடந்து சென்றுவிட்டது. அந்தப் பெயரைக் கேட்டறிய முனைந்த ஒரு பிள்ளை, சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் இருந்தான்.

அவன் இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவன். விடுமுறைக் காலத்தில் கடையொன்றில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய புகைப்படக்கருவி ஒன்றை வாங்கியிருந்தான். ஞாயிறுதோறும் மிதிவண்டியில் சென்று விமான நிலையத்திற்கு அப்பால் பொதுச்சாலையோரம் நின்று படம் எடுப்பான். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் நாள், நேரம், வகை, பதிவெழுத்து, காற்றின் திசை ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி வைத்தான். ஒருநாள் அவனை நிறுத்தி விசாரித்தனர். பெயரைக் கேட்டதும் விசாரணை நீண்டது. இரண்டு மணி நேரத்திற்குப் பின் படங்களை அழித்துவிட்டு அனுப்பிவைத்தனர். அடித்தாரில்லை, வைதாரில்லை. அவனும் அழுதானில்லை.

மறுநாள் அவன் தந்தையார் நம்மைக் காணத் துறைக்கு வந்தார். கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகக் கூறினார். "சார், நம்ம பேரை வச்சுக்கிட்டு அவன் அங்கே போய் நிக்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்றார். அக்கேள்விக்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. தலையசைத்தோம். அத்தலையசைப்பு இன்றுவரை நம்மை உறுத்துகின்றது.

காவலும் நியாயமும்

காவலர்மீது மட்டும் குறை கூறுவது நம் நோக்கமன்று. 1984 ஆகஸ்டு 2இல் மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 1999 டிசம்பரில் இந்திய வானூர்தி ஒன்று காந்தகாருக்குக் கடத்தப்பட்டது. இவற்றை அறிந்தவர் விமான நிலையக் காவலை எளிதாக எண்ணார். வேலியருகே நிற்பவனை 'யார் நீ?' என வினவுவது காவலரின் கடமை. வினாவுக்கு விடை பெற்றபின் அதனை ஏற்பதும் அக்கடமையின் மறுபாதி என்பதே நம் கருத்து.

சட்டம் என்ன கூறுகின்றது? 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளுள் 13ஆம் விதி, விமான நிலையத்தில் உரிய அனுமதியின்றிப் படம் எடுத்தலைத் தடுத்தது. அது வான்வழிப் படங்களைப் போர்க்கருவியாக அஞ்சிய காலம். பின்னர், பயணிகள் பயணத்தின்போது தம் இருக்கையிலிருந்து படம் எடுக்கலாம் என்று தளர்வு அளிக்கப்பட்டு, 2020இலும் அது விளக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்திற்கு மாற்றாக, 'பாரதிய வாயுயான்' எனும் பெயரில் 2024இல் இயற்றப்பட்ட சட்டம் 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையில் வானூர்திகள் தாம் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் தாமே ஒலிபரப்புகின்றன. எவரும் கைப்பேசியில் அவற்றைத் தொடர்ந்து காண்கின்றனர். வானூர்தியே தன்னைப் பறைசாற்றும் காலத்தில், சாலையோரத்தில் நிற்பவனுக்கு எது தகும், எது தகாது என்பதைத் தெளிவாகக் கூறும் பலகை ஒன்றையேனும் நாம் அங்குக் கண்டதில்லை. தெளிவு இல்லாத இடத்தில் ஐயம் குடியேறுகின்றது.

இவ்வையம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் பெயருடையார்க்கு மட்டும் நேர்வதுமன்று. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாத்தாவில், பிரிட்டானியர் பன்னிருவரும் டச்சுக்காரர் இருவரும் உளவாளிகள் எனக் கைது செய்யப்பட்டனர். 2002 ஏப்ரலில் தண்டனையும் பெற்றனர். அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை ஆயினர். அவர்கள் செய்ததெல்லாம் வானூர்தி எண்களைக் குறித்துக்கொண்டதுதான். தில்லியிலும் 2010இல் விமான நிலையத்தருகே ஒரு விடுதியில் தங்கி ஊர்திகளை நோக்கிய பிரிட்டானியர் இருவர் கைதாகி, பல வாரங்களுக்குப் பின்னரே தாயகம் திரும்பினர். நோக்கும் பழக்கத்தை அறியாத இடத்தில் நோக்குபவன் உளவாளியாகத் தோன்றுகிறான்.

சான்றாகி நின்ற படம்

இனி நாம் கூறப்போவது, பிள்ளையின் கருவியைப் பூட்டிவைத்த தந்தையார் போன்றோர் கேட்கவேண்டிய செய்தி.

காலித் அல் மஸ்ரி என்பவர் லெபனான் வழிவந்த ஜெர்மானியக் குடிமகன். 2003 டிசம்பர் 31இல் அவர் மாசிடோனிய எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டார். ஐயத்திற்குரிய வேறொருவரின் பெயரும் இவர் பெயரும் ஒத்திருந்தன. தலைநகர் ஸ்கோப்யேயில் ஒரு விடுதியில் 23 நாள் அடைத்து வைக்கப்பட்டார். பின்னர் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் கையில் ஒப்படைக்கப்பட்டு ஆப்கானிஸ்தானத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். தவறான ஆள் எனத் தெரிந்த பின்னரும் பல வாரங்கள் சிறையில் கிடந்தார். 2004 மே மாத இறுதியில் அல்பேனியாவில் இறக்கிவிடப்பட்டார். அவர் சொன்ன கதையை முதலில் நம்பியோர் சிலரே.

அவரைச் சுமந்து சென்ற போயிங் 737இன் பதிவெழுத்து என் 313 பி. அது ஸ்கோப்யேவுக்குச் சென்றது 2004 ஜனவரி 23ஆம் நாள் இரவு. அதே நாளில் ஸ்பெயின் நாட்டின் மயோர்க்காத் தீவில், பால்மா விமான நிலையத்தில், வானூர்திகளைப் படம் எடுக்கும் பொழுதுபோக்குடைய ஒருவர் அவ்வூர்தியையும் படம் எடுத்திருந்தார். அதற்குள் நிகழவிருந்தது என்ன என்பது அவருக்குத் தெரியாது. பதிவெழுத்து தெளிவாகத் தெரிந்த அப்படம் பின்னர் உலக இதழ்களில் வெளிவந்தது. இத்தகைய நோக்கர்களின் குறிப்புகளையும் படங்களையும் பறப்புப் பதிவுகளையும் ஒப்புநோக்கியே இதழாளரும் ஐரோப்பிய மன்றத்தின் ஆய்வாளரும் மறைவாகச் சென்ற ஊர்திகளின் வழித்தடத்தை வெளிக்கொணர்ந்தனர். 2012 டிசம்பர் 13இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அல் மஸ்ரி கூறியது உண்மையே எனக் கொண்டு, மாசிடோனியா அவருக்கு 60,000 யூரோ வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

பெயரால் பிடிபட்ட ஒருவருக்கு, வானூர்தியின் எழுத்து சான்று பகர்ந்தது. அவ்வெழுத்தைக் காத்து வைத்தவர் வழக்கறிஞர் அல்லர், போராளி அல்லர். வேலியோரத்தில் ஒளியையும் காற்றையும் பார்த்துப் பொறுமையுடன் நின்ற ஒரு பொழுதுபோக்காளர். சாட்சியத்தை மறைத்தலாகாது என்று கற்று வளர்ந்தவர் நாம். மறைக்காதிருக்க வேண்டுமாயின் முதலில் பார்த்திருக்க வேண்டும். 'நம் பெயரை வைத்துக்கொண்டு அங்கு நிற்கலாமா?' என்று கேட்ட தந்தையார்க்கு இன்று நாம் கூறும் விடை இது: 'முறையறிந்து நிற்கலாம், நிற்கவும் வேண்டும்.'

செய்யத்தக்கன

முதலாவதாக, விமான நிலைய ஆணையத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மான்செஸ்டர் விமான நிலையத்தில் ஓடுபாதையருகே பார்வையாளர் பூங்கா அமைத்து, ஓய்வுபெற்ற கான்கார்டு ஊர்தியையும் அங்கு நிறுத்தியுள்ளனர். ஜப்பானின் நரிட்டாவில் 'சகுரா நோ யாமா' எனும் மேட்டுப்பூங்காவில் குழந்தைகளுடன் வந்து பார்க்கின்றனர். நம்மவர் அடிக்கடி செல்லும் சிங்கப்பூர்ச் சாங்கியிலும் பார்வை மாடங்கள் உள்ளன. திருச்சிக்கு 2024இல் பெரிய புதிய முனையம் வந்தது. அதன் அழகை நாம் போற்றுகிறோம். அத்துடன், அடையாள அட்டை காட்டிச் சிறு கட்டணம் செலுத்தி நின்று காணும் ஒரு மேடையையும் வேண்டுகிறோம். நோக்குவோர் எல்லாம் ஓரிடத்தில், பெயர் பதிந்து, பகல் வெளிச்சத்தில் நிற்பது காவலர்க்கும் எளிது. அன்றாடம் வரும் நோக்கர், வழக்கத்திற்கு மாறான ஒன்றை முதலில் கண்டு சொல்லும் துணைவராகவும் ஆவர்.

இரண்டாவதாக, கல்லூரிகளுக்கு. இயற்கை மன்றமும் நாட்டுநலப்பணித் திட்டமும் இருப்பதுபோல் வானூர்தி நோக்கர் மன்றம் ஒன்றையும் அமைக்கலாம். ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்று, நிலைய அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதி, அனுமதி பெற்று மாணவரை அழைத்துச் செல்லலாம். தனியாக நின்றவனுக்கு நேர்ந்தது, கல்லூரியின் கடிதத்துடன் நின்றவனுக்கு நேராது. தமிழ்த்துறைக்கும் இதில் பங்கு உண்டு. வானூர்தியின் உறுப்புகளுக்கும் அசைவுகளுக்கும் நல்ல தமிழ்ச்சொற்களைத் தொகுக்கும் பணி நமக்காகக் காத்திருக்கின்றது.

மூன்றாவதாக, மாணவர்களே, உங்களுக்கு. வேலியைத் தாண்டற்க. படைத்துறைக்கு உரிய ஊர்தியையும் காவல் நிலைகளையும் படம் எடுக்கற்க. தடுத்தால் நின்று, பணிவுடன் விடை கூறுக. அடையாள அட்டையின்றிச் செல்லற்க. பார்த்ததை மட்டும் எழுதுக. பார்க்காத ஓர் எழுத்தையும் ஊகித்து நிரப்பற்க. ஐயமிருந்தால் அவ்விடத்தை வெற்றிடமாக விடுக. அதுவே நோக்கனின் நேர்மை. ஆராய்ச்சியாளனின் நேர்மையும் அதுவே.

நான்காவதாக, சமுதாயப் பெரியோர்களுக்கு. அஞ்சுவதற்குக் காரணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அச்சத்தின் பொருட்டுப் பிள்ளைகளின் கண்களைக் கட்டினால், அடுத்த தலைமுறையும் தெரியாத ஊர்திக்குக் கையசைத்துக்கொண்டே இருக்கும். வானூர்தியில் ஏறிச்சென்று உழைக்க நம் மக்களை அனுப்பினோம். வானூர்தியைச் செலுத்தவும் பழுது பார்க்கவும் வழிப்படுத்தவும் கற்றோர் நம்முள் எத்தனை பேர்? அக்கல்விக்கு முதற்படி, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறுவன் சாலையோரம் நின்று கேட்கும் 'அது என்ன ஊர்தி?' எனும் கேள்வியாக இருக்கலாம். அவனைத் தனியே அனுப்ப அச்சமாயின், உடன் செல்லுங்கள்.

அம்மாணவனைப் பற்றி ஒரு சொல். கருவி பூட்டப்பட்ட பின்னரும் அவன் நோக்குவதை விடவில்லை. கல்லூரி மாடியில் நின்று வெறுங்கண்ணால் பார்த்து எழுதினான். பட்டம் பெற்றுச் சென்றபோது, நிரம்பிய குறிப்பேட்டை நம்மிடம் தந்துவிட்டுச் சென்றான். அதில் பல வரிகளில் பதிவெழுத்திற்கு உரிய இடம் வெற்றிடமாக இருக்கின்றது. அவ்வளவு தொலைவிலிருந்து எழுத்து தெரியவில்லை. தெரியாததை அவன் எழுதவில்லை.

அவ்வெற்றிடங்களை நிரப்பும் தொலைவில் அடுத்த மாணவன் நிற்கட்டும். அவனோடு நாமும் சென்று நிற்போம்.